ஏசி கேஸ் தீர்ந்துபோகும் பொருளல்ல

பங்குனி பிறந்ததும் தமிழ்நாட்டின் கார் ஏசி ஒர்க்‌ஷாப்புகளில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. போன கோடையில் ஜில்லென்று இருந்த வண்டி, இந்த வருடத்தின் முதல் வெயிலுக்கே திணறுகிறது. பானட்டைத் திறக்கிறார்கள், கேஜை மாட்டுகிறார்கள், இரண்டே நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிடுகிறது: "கேஸ் கம்மியா இருக்கு சார், போட்டுட்டா சரியாகிடும்." வண்டிக்காரரும் மறுப்பதில்லை. "கேஸ் போடணும்" என்று சொல்லிக்கொண்டுதானே அவரே உள்ளே வந்தார்.

கூலிங் குறைந்தால் கேஸ் குறைந்திருக்கும், வருடத்துக்கு ஒருமுறை கேஸ் போட்டாக வேண்டும் என்பது கார் வைத்திருப்பவர்களிடம் ஊறிப்போன நம்பிக்கை. அது தவறு. ஏதோ கொஞ்சம் பணம் வீணாகிறது என்று விட்டுவிடக்கூடிய தவறும் அல்ல. உண்மையான பழுது அப்படியே கிடக்கிறது. கம்ப்ரஸரின் ஆயுள் குறைகிறது. காற்றில் கலக்கவே கூடாத ஒன்று வருடந்தோறும் காற்றில் கலக்கிறது. இத்தனைக்கும் பழுது எந்தப் பக்கம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க, பல வண்டிகளுக்கு வீட்டு வாசலே போதும். ஒரு தெர்மாமீட்டரும் கொஞ்சம் பொறுமையும் வேண்டும், அவ்வளவுதான்.

பெட்ரோல் எரிந்து தீர்கிறது. பிரேக் பேட் தேய்ந்து தீர்கிறது. ஏசிக்குள் ஓடும் குளிர்பதன வாயு எரிவதும் இல்லை, தேய்வதும் இல்லை. கம்ப்ரஸர் அதை அழுத்திச் சூடாக்கி அனுப்புகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டன்சரில் அது சூட்டை வெளிக்காற்றிடம் விட்டுவிட்டுத் திரவமாகிறது. எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறு துளை வழியே பாய்ந்து, டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஆவியாகிறது. ஆவியாகும்போது காருக்குள் இருக்கும் வெப்பத்தை வாங்கிக்கொண்டு மறுபடி கம்ப்ரஸருக்கே வந்து சேர்கிறது. மூடிய சுற்று இது. ஃபேக்டரியில் 400 கிராம் போட்டிருந்தால், வழி கிடைக்காத வரையில் அது 400 கிராமாகவே சுற்றிக்கொண்டிருக்கும். குறைந்துவிட்டது என்றால் எங்கோ ஒரு வழி திறந்திருக்கிறது என்று பொருள். அந்த வழியைத் தேடாமல் மேலே மேலே நிரப்புவதைப் பழுதுபார்ப்பு என்று அழைக்க முடியாது.

இதற்கு ஒரு பதில் உண்டு. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. கார் அதிர்ந்து ஓடும் பொருள். வீட்டு ஃபிரிட்ஜில் எல்லாக் குழாயும் உருக்கி ஒட்டப்பட்டிருக்கும். காரில் அப்படி முடியாது. ரப்பர் ஹோஸ் வேண்டும், இணைப்புகளில் ஓ-ரிங் வேண்டும், கம்ப்ரஸரின் சுழலும் தண்டைச் சுற்றி சீல் வேண்டும். இவற்றின் வழியே துளித்துளியாக வாயு கசியத்தான் செய்யும் என்பது அந்த வாதம். உண்மை. ஆனால் எவ்வளவு? ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் கொண்டுவந்த சட்டம், ஒரே கூலிங் காயில் உள்ள காரிலிருந்து வருடத்துக்கு 40 கிராமுக்கு மேல் கசியக் கூடாது என்று உச்சவரம்பு வைத்தது. அந்த உச்சவரம்பையே ஒரு வண்டி தொட்டாலும், 400 கிராமில் பத்தில் ஒரு பங்குதான் வருடத்தில் போகும்; அந்த அளவுக்கு உட்கார்ந்திருப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. ஐந்தாறு வருடம் ஓடிய வண்டிக்கு ஒருமுறை அளந்து சேர்க்க நேரலாம். போன வருடம் நிரப்பியது இந்த வருடம் காணவில்லை என்றால் அது ஓட்டை. அதற்கு இயற்கைக் கசிவு என்று பெயர் சூட்டுவது ஏமாற்று.

வருடாந்திரப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் விளங்காத ஒன்றல்ல. ஆர்-12 என்ற பழைய வாயுவின் காலத்தில், அம்பாசடருக்கு டாஷ்போர்டின் அடியில் தனியாக ஏசி பொருத்திய நாட்களில், ஹோஸ்கள் வெறும் ரப்பராகத்தான் இருந்தன. சீல்களும் அந்தக் காலத்துத் தரம். வருடம் ஒருமுறை நிரப்பினால்தான் ஓடும். ஆர்-12 ஓசோன் படலத்தை அரிப்பதாக 1974-இல் வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் எழுதினார்கள்; 1987-இல் ஓசோனைக் காக்க மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது; அதன் தொடர்ச்சியாக உலகெங்கும் கார்கள் ஆர்-134ஏ வாயுவுக்கு மாறின. புதிய வாயுவின் மூலக்கூறு சிறியது, பழைய ரப்பரில் நிற்காது என்பதால் ஹோஸ்களின் உள்ளே நைலான் அடுக்கு வந்தது, ஓ-ரிங்குகளின் ரப்பர் மாறியது. இயந்திரம் மாறிவிட்டது. பேச்சு மட்டும் அம்பாசடரோடு நின்றுவிட்டது.

சரி, கேஜ் பொய் சொல்லுமா என்று கேட்பார்கள். கேஜ் பொய் சொல்லாது. அதனிடம் கேட்கப்படும் கேள்விதான் தவறு. கேஜ் காட்டுவது அழுத்தத்தை, எடையை அல்ல. சமையலறை சிலிண்டரை நினைத்துக்கொண்டால் புரியும்: பாதி தீர்ந்த சிலிண்டரிலும் அடுப்பு அதே வேகத்தில்தான் எரியும். உள்ளே கொஞ்சம் திரவம் இருக்கும் வரை அழுத்தத்தை நிர்ணயிப்பது அளவு அல்ல, வெப்பநிலை. கார் ஏசியும் அப்படியே. எஞ்சின் நின்றிருக்கும்போது, 35 டிகிரி வெயிலில், ஆர்-134ஏ உள்ள சுற்று சுமார் 114 பிஎஸ்ஐ காட்டும். உள்ளே 200 கிராம் இருந்தாலும் அதே எண், 400 கிராம் இருந்தாலும் அதே எண். எஞ்சின் ஓடும்போது காட்டும் எண்களோ வெளி வெப்பநிலை, எஞ்சின் வேகம், ப்ளோயர் வேகம், கண்டன்சரின் சுத்தம் என்று பலவற்றைப் பொறுத்து ஏறி இறங்கும். தாழ்வழுத்தப் பக்கத்தின் நீலக் குழாயில் முப்பது முப்பத்தைந்து வரும் வரை விடு என்பது அளவே அல்ல, ஊகம். அதிலும் நீலக் கேஜை மட்டும் பார்த்துவிட்டு, உயரழுத்தப் பக்கத்தின் சிவப்புக் கேஜைப் பார்க்காமல் நிரப்புகிறவர் பாதிக் கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்கிறார்.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் கதை வேறு. இரண்டும் தாழ்ந்திருந்தால் வாயு குறைவு என்று சந்தேகிக்கலாம். நீலம் உயர்ந்து சிவப்பு தாழ்ந்திருந்தால் கம்ப்ரஸர் அழுத்தவில்லை. இரண்டுமே உயர்ந்திருந்தால் கண்டன்சருக்குக் காற்று போகவில்லை அல்லது வாயு ஏற்கெனவே அதிகம். நீலம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கினால் எங்கோ அடைப்பு. நான்கில் ஒரே ஒரு நிலைக்குத்தான் வாயு மருந்து. மூன்றாவது நிலையில் அது விஷம். அளவுக்கு மிஞ்சி நிரப்பினால் கண்டன்சரில் திரவம் தேங்கி, அழுத்தம் ஏறி, கூலிங் இன்னும் குறையும். திரவம் கம்ப்ரஸருக்குள்ளேயே போய்விட்டால் அதன் வால்வுகள் உடையும், ஏனென்றால் வாயுவை அழுத்தலாம், திரவத்தை அழுத்த முடியாது.

அடுத்து, இந்த நம்பிக்கையின் கோட்டை என்று சொல்லத்தக்க வாதம்: "போன வருஷம் போட்டேன், கூலிங் வந்ததே!" அனுபவத்தை மறுப்பது எளிதல்ல. வந்திருக்கும். ஓட்டை உள்ள சுற்றில் நிரப்பினால், ஓட்டை வழியே அது போய்ச் சேரும் வரை குளிரத்தான் செய்யும். ஓட்டை பெரிதென்றால் ஒரு வாரம், சிறிதென்றால் ஒரு வருடம். ஓட்டை சிறிதாக இருந்தது என்பதைத்தான் அந்த அனுபவம் நிரூபிக்கிறது. இன்னொன்றும் நடக்கிறது. கேஸ் போடும் அதே வேளையில் கண்டன்சரைத் தண்ணீர் விட்டுக் கழுவுகிறார்கள், கேபின் ஃபில்டரை எடுத்து ஊதுகிறார்கள். குளிர்ச்சியைத் திருப்பிக் கொண்டுவந்தது அந்தக் கழுவலாக இருக்கும். பாராட்டும் பணமும் கேஸுக்குப் போகும்.

இனி வீட்டு வாசலுக்கு வரலாம். இதில்தான் நிதானிக்க வேண்டும், ஏனென்றால் ஏசி என்றாலே சாமானியர் தொடக்கூடாத பொருள் என்ற பயத்தின் மேல்தான் மேற்சொன்ன நம்பிக்கை நிற்கிறது. வாயு ஓடும் குழாயைத் திறப்பது வீட்டு வேலையல்ல. பழுதின் குறிகளைப் படிப்பது முழுக்க முழுக்க வீட்டு வேலை.

முதல் குறி, எப்போது குளிரவில்லை என்பது. நெடுஞ்சாலையில் எண்பதில் போகும்போது ஜில்லென்று இருந்து, சிக்னலில் நின்றதும் வெதுவெதுப்பாகிறது என்றால், கண்டன்சருக்குக் காற்று தரும் மின்விசிறியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அந்த வேலையைச் செய்துவிடுகிறது. நின்றால் விசிறி செய்ய வேண்டும். வண்டியை நிழலில் நிறுத்தி, ஏசியைப் போட்டு, கிரில் வழியே எட்டிப் பார்த்தால் போதும். பெரும்பாலான சிறிய கார்களில் ஏசி ஓடத் தொடங்கியதும் விசிறி சுழல வேண்டும். சுழலவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் மூன்றில் ஒன்று. இந்தப் பழுதோடு வரும் வண்டிக்கு கேஸ் போடுவது, ஏற்கெனவே எகிறி நிற்கும் அழுத்தத்தை மேலும் ஏற்றுவது.

ஒரு வாளித் தண்ணீர் இந்தச் சந்தேகத்தை அங்கேயே தீர்த்துவைக்கும். எஞ்சின் ஓடி, ஏசி போட்டிருக்கும்போது, கிரில் வழியே கண்டன்சரின் மேல் தண்ணீரை மெதுவாகத் தெளிக்க வேண்டும். வென்டிலிருந்து வரும் காற்று சில நிமிடத்தில் தெளிவாகக் குளிர்ந்தால், சூடு வெளியேறாததுதான் நோய். விசிறி ஓடுகிறது, ஆனாலும் தண்ணீர் பட்டதும் குளிர்கிறது என்றால் கண்டன்சரின் மெல்லிய தகடுகளுக்கு இடையே அழுக்கு. லாரிக்குப் பின்னால் ஓடிய வண்டியின் கண்டன்சரை அருகில் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: செம்மண், பூச்சி, புங்கம்பூ, பாலித்தீன் துணுக்கு எல்லாம் சேர்ந்து ஒரு மெத்தை போல அப்பியிருக்கும். சாதாரணத் தோட்டக் குழாயின் தண்ணீரே போதும். வாட்டர் வாஷ் கடையின் அழுத்தக் குழாயை நேராகப் பிடித்தால் தகடுகள் மடங்கி, இருந்த வழியும் அடைந்துவிடும்.

இரண்டாவது குறி, கம்ப்ரஸர் சேர்கிறதா என்பது. பெல்ட் ஓட்டும் பழைய வகைக் கம்ப்ரஸரின் முன்னால் ஒரு வட்டத் தகடு இருக்கும். ஏசியை அணைத்திருக்கும்போது வெளிவளையம் மட்டும் சுழலும், நடுத்தகடு அசையாது. ஏசி பொத்தானை அழுத்தியதும் "டக்" என்று ஓர் ஓசை, நடுத்தகடும் சேர்ந்து சுழலும். சட்டைக் கையையும் துப்பட்டாவையும் பெல்ட்டிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு, டார்ச் அடித்துப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். தகடு சேரவே இல்லை என்றால் அது மின்சாரப் பழுதாக இருக்கலாம்; அல்லது வாயு உண்மையிலேயே காலியாகி, அழுத்த சுவிட்ச் கம்ப்ரஸரைத் தடுத்து வைத்திருக்கலாம். பல கார்களில் அந்த சுவிட்ச் சுமார் 28 பிஎஸ்ஐக்குக் கீழே இறங்கினாலும், 450 பிஎஸ்ஐக்கு மேலே ஏறினாலும் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். ஃபியூஸ் பெட்டியின் மூடியில் எந்த ரிலே எதற்கு என்று படம் இருக்கும். ஹாரனுக்கும் ஏசிக்கும் ஒரே எண்ணுள்ள ரிலே இருந்தால் இரண்டையும் மாற்றிச் செருகிப் பார்க்கலாம். கம்ப்ரஸர் உயிர்பெற்று ஹாரன் செத்துப்போனால் பழுது பிடிபட்டுவிட்டது. ஒரு ரிலேயின் விலையில் வேலை முடிந்தது. எலி கடித்த ஒயரையும் இந்த நேரத்திலேயே தேட வேண்டும். இரவில் வெதுவெதுப்பான எஞ்சினைத் தேடி எலி ஏறாத தெரு நம் ஊர்களில் குறைவு.

சில புதிய கார்களின் கம்ப்ரஸர்களில் இந்தத் தகடே சேர்ந்து பிரியாது; உள்ளேயே கொள்ளளவை ஏற்றி இறக்கிக்கொள்ளும். அவற்றில் காதையும் கண்ணையும் நம்ப முடியாது. வென்டின் தெர்மாமீட்டரும் குழாயைத் தொட்டுப் பார்க்கும் கையும்தான் துணை: கூலிங் காயிலிலிருந்து கம்ப்ரஸருக்குத் திரும்பும் பெரிய குழாய் வியர்த்துக் குளிர்ந்திருக்க வேண்டும். கம்ப்ரஸரிலிருந்து வெளியே போகும் குழாய் கையைச் சுடும் என்பதால் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

காற்றே குறைவாக வருகிறது என்றால் கேஸைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை. பல கார்களில் க்ளவ் பாக்ஸின் பின்னால் கேபின் ஃபில்டர் இருக்கிறது. இரண்டு கிளிப்பை அழுத்தினால் வந்துவிடும். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவ வேண்டும். வேப்பிலைச் சருகும் தூசியும் அடைத்த ஃபில்டருக்குப் பின்னால், கூலிங் காயில் பனிக்கட்டியாய் இறுகிவிடுவதும் உண்டு. ஏறி உட்கார்ந்ததும் நன்றாகக் குளிர்ந்து, அரை மணி நேரத்தில் காற்று படிப்படியாகக் குறைந்து, பத்து நிமிடம் ஏசியை அணைத்துவிட்டுப் போட்டால் மறுபடி வருகிறது என்றால் அந்தப் பனிதான் காரணம். ப்ளோயர் நான்காம் எண்ணில் மட்டும் ஓடி மற்ற வேகங்களில் ஓடவில்லை என்றால் ப்ளோயர் ரெசிஸ்டர் போய்விட்டது. சிறிய உதிரிப்பாகம், இரண்டு ஸ்க்ரூ. குழாய்கள் எல்லாம் குளிர்ந்திருந்தும் வென்டில் காற்று சூடாக வருகிறது என்றால், ஹீட்டர் பக்கத்தை மூட வேண்டிய மடல் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. குளிரும் சூடும் டாஷ்போர்டுக்குள் கலந்து வருகின்றன. இவற்றில் எதற்கும் ஒரு கிராம் வாயு தேவையில்லை.

தெர்மாமீட்டரைப் பயன்படுத்தும் முறையும் சொல்லிவிட வேண்டும். நடு வென்டுக்குள் அதைச் செருகி, கண்ணாடிகளை ஏற்றி, உட்காற்றையே சுழற்றும் பொத்தானை அழுத்தி, எஞ்சினை 1500 சுற்றில் வைத்துப் பத்து நிமிடம் காத்திருந்து எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். நல்ல நிலையில் உள்ள ஏசி நம் ஊர்க் கோடையில் பத்து டிகிரியை ஒட்டி வந்துவிடும். ஈரப்பதம் கூடிய நாளில் ஒன்றிரண்டு கூடுதலாக இருக்கும். இதே எண்ணை, ஏசி நன்றாக இருக்கும் காலத்திலேயே ஒருமுறை குறித்து வைத்திருப்பவருக்கு, பிறகு யாரும் கதை சொல்ல முடியாது.

இத்தனையும் பார்த்து, எல்லாம் சரியாக இருந்தும் குளிரவில்லை என்றால், அப்போது வாயு குறைந்திருக்கலாம். அப்போதும் அடுத்த வேலை நிரப்புவது அல்ல, ஓட்டையைத் தேடுவது. அதையும் கண் பாதி செய்துவிடும். வாயுவோடு கம்ப்ரஸர் ஆயிலும் கலந்தே சுற்றுவதால், கசியும் இடத்தில் ஆயில் துளிர்த்து அதன் மேல் தூசி ஒட்டிக்கொள்ளும். குழாய் இணைப்புகள், ஹோஸ் கிரிம்ப் செய்த முனைகள், கம்ப்ரஸரின் முன்பக்கம், கண்டன்சரின் கீழ்மூலை ஆகியவற்றை ஒரு வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்தால், சுற்றியுள்ள வறண்ட தூசிக்கு நடுவே ஓர் இடத்தில் மட்டும் கறுத்த பிசுபிசுப்பு துணியில் ஏறும். அந்த இடத்தில் சோப்பு நுரை வைத்துப் பொறுமையாகப் பார்த்தால் குமிழி கிளம்பக்கூடும். சர்வீஸ் வால்வின் பிளாஸ்டிக் மூடியைத் தொலைத்துவிட்டு ஓடும் வண்டிகளில் அந்த வால்வையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஆயில் விஷயம்தான் இந்த வாதத்தின் உயிர்நாடி. சிறிய காரின் சுற்று முழுவதிலும் இருப்பது நூறு, நூற்றைம்பது மில்லி ஆயில். கம்ப்ரஸருக்கு வேறு உயவு கிடையாது. சுற்றி வரும் வாயுதான் அதைச் சுமந்துவந்து கொடுக்கிறது. வருடந்தோறும் வாயு மட்டும் நிரப்பி, கசிந்த ஆயிலைக் கணக்கில் எடுக்காமல் விட்டால், நான்காவது ஐந்தாவது கோடையில் கம்ப்ரஸர் வறண்டு உரசும். உரசி உதிர்ந்த அலுமினியத் துகள் கண்டன்சரின் மயிரிழைக் குழாய்களுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். இக்காலக் கண்டன்சர்களைக் கழுவி அதை வெளியே எடுக்க முடியாது. கம்ப்ரஸர், கண்டன்சர், ஈரம் உறிஞ்சும் டிரையர், வால்வு எல்லாம் மாற்ற வேண்டும். ஓட்டை தேடச் செலவு அதிகம், கேஸ் போடுவது மலிவு என்ற வாதம் இந்த பில்லோடு முடிகிறது. முதல் வருடமே ஓ-ரிங்கை மாற்றியிருந்தால் அந்த பில்லே வந்திருக்காது.

எதிர்முகாம் ஒன்றும் உண்டு. ஒர்க்‌ஷாப்பே வேண்டாம், கேஸ் டின்னை வாங்கி நீங்களே நிரப்புங்கள் என்று வீடியோ போடுகிறவர்கள். அதே தவறான நம்பிக்கைக்கு மலிவு விலைப் பதிப்பு அது. அளவு தெரியாமல், ஓட்டை தேடாமல், ஒரே கேஜை வைத்துக்கொண்டு நிரப்பச் சொல்கிறார்கள். ஆர்-134ஏ திறந்த வெளியில் மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும். கையிலோ கண்ணிலோ பட்டால் அந்த இடம் உறைந்து புண்ணாகும். அழுத்தம் மிகுந்த பக்கத்தில் தவறாக மாட்டினால் டின் வெடிக்கக்கூடும். ஓட்டையை அடைக்கும் மருந்து என்று கலந்து விற்பது, ஈரம் பட்டால் இறுகும் பசை; வால்வுக்குள் இறுகினால் பழுது இரண்டாகிவிடும். ஹைபிரிட், மின்சாரக் கார்களில் ஆபத்து இன்னும் பெரிது: அவற்றின் கம்ப்ரஸர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது, அதற்கென்று மின்காப்புள்ள ஆயில் இருக்கிறது. சாதாரணக் காரின் ஆயில் அதில் கலந்தால் மின்காப்பு கெடும். ஆரஞ்சு நிற ஒயர் தெரியும் வண்டியில் வாயுச் சுற்றை வீட்டில் தொடவே கூடாது. அமெரிக்காவில் டின் விற்பனை சட்டப்படி நடக்கிறதே என்று சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அங்கும் 2018 முதல் சிறிய டின்களில் தானாக மூடிக்கொள்ளும் வால்வு கட்டாயம். கூலிக்கு ஏசி பார்ப்பவர் தூய காற்றுச் சட்டத்தின் 609-ஆம் பிரிவின்படி பயிற்சிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும்.

கள்ளச் சரக்கும் இதில் ஒளிந்திருக்கிறது. 2011-இல், வியட்நாமில் பழுதுபார்க்கப்பட்ட குளிர்சாதனக் கப்பல் கொள்கலன்கள் வெடித்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆர்-134ஏ என்ற பெயரில் மெத்தில் குளோரைடு கலந்த வாயுவை நிரப்பியிருந்தார்கள்; அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்று பட்டாலே தீப்பற்றும் பொருளாக மாறியிருந்தது. காரின் கண்டன்சரும் கூலிங் காயிலும் அலுமினியம்தான். பெயர் தெரியாத டின்னை மலிவு என்று வாங்குகிறவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

கொஞ்சம் வாயு காற்றில் போனால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஆர்-134ஏ ஓசோனைத் தொடுவதில்லை, ஆனால் பூமியைச் சூடாக்கும் வேலையில் கார்பன் டை ஆக்சைடைவிட 1430 மடங்கு வல்லது என்று நூறாண்டுக் கணக்கு சொல்கிறது. 400 கிராம் கசிந்தால் அது 572 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் வருவது சுமார் 2.3 கிலோ. ஆக, ஒரு வண்டியின் ஏசி வாயு முழுதும் கசிவது ஏறத்தாழ 250 லிட்டர் பெட்ரோலை எரிப்பதற்கு ஒப்பு. அந்தப் பெட்ரோலில், லிட்டருக்குப் பதினாறு கிலோமீட்டர் தரும் வண்டி சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு ஏறத்தாழ மூன்று முறை போய்த் திரும்பலாம். மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்கு 2016-இல் உருவான கிகாலி திருத்தத்தை இந்தியா 2021-இல் ஏற்றுக்கொண்டது; இந்த வகை வாயுக்களை 2032-லிருந்து படிப்படியாகக் குறைக்க வேண்டிய பொறுப்பு நமக்கும் இருக்கிறது. புதிய கார்களுக்கு வரும் ஆர்-1234ஒய்எஃப் வாயு பழையதைவிடப் பல மடங்கு விலை. இன்றைய அலட்சியம் அன்றைக்குக் கட்டுப்படியாகாது.

பழியை முழுவதும் மெக்கானிக்கின் தலையில் போடுவது நியாயமல்ல. காலையில் வந்த வண்டிக்கு நைட்ரஜன் ஏற்றி, ஒவ்வோர் இணைப்பாக நுரை வைத்துப் பார்த்து, ஓட்டை கூலிங் காயிலில் என்று கண்டு, டாஷ்போர்டைக் கழற்ற வேண்டும் என்று சொல்லும் மெக்கானிக்கிடம் பலர் பேரம் பேசுகிறார்கள். "அதெல்லாம் வேண்டாம்ணே, இப்போதைக்கு கேஸ் மட்டும் போட்டு விடுங்க." தேடிய இரண்டு மணி நேரத்துக்கு யாரும் கூலி தருவதில்லை, டின்னுக்குத் தருகிறார்கள். கண்டுபிடிப்பதற்குக் கூலி இல்லாத இடத்தில் கண்டுபிடிப்பும் இருக்காது. அந்தக் கூலியை வாடிக்கையாளர் கேட்டுக் கொடுக்க வேண்டும்.

கூலி கொடுப்பவருக்குக் கேட்கும் உரிமையும் உண்டு. பானட்டின் உட்புறத்திலோ முன்பக்கப் பட்டையிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் வாயுவின் வகையும் கிராம் அளவும் அச்சாகியிருக்கும். ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் முன் அதைப் போனில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். உள்ளே இருந்த பழைய வாயுவை மெஷினில் இழுத்து எடை பார்க்கச் சொல்ல வேண்டும். ஸ்டிக்கரில் 400 என்றிருந்து, வெளியே வந்தது 380 என்றால் கேஸ் குறைவு என்ற பேச்சு அங்கேயே முடிந்துவிடும். வேறு பழுதைத் தேட வேண்டும். 150 வந்தால் ஓட்டை தேட வேண்டும். ஓட்டையை அடைத்த பிறகு வாக்கம் பம்பை அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும், ஏனென்றால் உள்ளே புகுந்த ஈரம் அந்த வெற்றிடத்தில்தான் கொதித்து வெளியேறும். ஈரம் தங்கினால் வால்வில் உறையும், ஆயிலில் அமிலமாகும். பம்பை நிறுத்திய பிறகு கேஜின் முள் அதே இடத்தில் நிற்கிறதா என்று வாடிக்கையாளரே அருகில் நின்று பார்க்கலாம். பிறகு தராசில் வைத்து, ஸ்டிக்கரில் உள்ள கிராமுக்கு நிரப்ப வேண்டும். பில்லில் "கேஸ் சார்ஜிங்" என்று ஒற்றை வரி எழுதினால் வாங்கக் கூடாது. எடுத்தது எத்தனை கிராம், போட்டது எத்தனை கிராம், ஆயில் எத்தனை மில்லி, ஓட்டை எந்த இணைப்பில் இருந்தது என்று நான்கு விவரமும் அதில் இருக்க வேண்டும்.